சங்கு குளிப்பவருக்கும் ஒரு வகுப்பு

கோயிலில் ஊதுகிற சங்கை யார் எடுத்து வருகிறார்கள் என்று திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிற நாம் யோசிப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பி பாரில் ஒட்டியிருக்கும். சங்கு பக்கத்து மணலில் கிடக்கும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சங்கு குளிப்பு நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்து இறங்கி, மூச்சு அடக்குகிற வரைதான் வேலை. இன்று படகில் கம்ப்ரசர், வாயில் காற்றுக்குழாய். வெகுநேரம் அடியில் இருக்கலாம். ஆபத்தும் அதில்தான். பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்கு. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், ஆள் சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போலக் குமிழியிடும். கைகால் விளங்காமல் போகும், உயிரும் போகலாம்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கூஸ்தோ பெரிய வீரர்; கன்யானோடு சேர்ந்து 1943-இல் நீருக்கடியில் மூச்சுவிடும் கருவி செய்தவர். இன்று புதுச்சேரியில் பொழுதுபோக்குக்காக முங்கப் போகிறவருக்கு முதலில் வகுப்பு, பிறகுதான் கடல். பிழைப்புக்காக இறங்குகிறவர் பெரும்பாலும் முன்னவரைப் பார்த்துக் கற்றவர்தான். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம், எப்படி நின்று நின்று மெல்ல ஏறுவது என்று மீன்வளத் துறை அவர்களுக்கு நாலு நாள் வகுப்பு நடத்தட்டும். இதற்கு ஒரு அரசாணை போதும்.