ஓசூருக்கு ஒரு வரலாற்றுத் தெரு வேண்டாமா?

ஓசூர், கிருஷ்ணகிரி வாசகர்களே! சென்னை செல்லும்போது மெரினாவோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை சென்று, தட்சிணசித்ராவைப் பிள்ளைகளுக்குக் காட்டி வாருங்கள்.

1996ல் திறக்கப்பட்ட இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வீடுகளே காட்சிப் பொருட்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பலவற்றைத் தூணும் கதவுமாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு ஆகியவற்றோடு சிக்மகளூர் முஸ்லிம் வீடும் நிற்கிறது. யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்று மேடைதோறும் முழங்குவோருக்கு அந்தத் தெருவே பதில்!

அமெரிக்காவின் பிளிமத்தில், 1620ல் குடியேறிய ஆங்கிலேயரின் கிராமத்தை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த வாம்பனோக் மக்களின் ஊர்ப்பெயரான 'படுக்ஸெட்', அருங்காட்சியகத்தின் பெயரில் சேர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியேறியவன் வரலாற்றை எழுதினால், முன்பே இருந்தவன் விடுபட்டுப் போகிறான். இது நமக்கும் பாடமல்லவா?

நம் மாவட்டத்துக்கு வரலாறு இல்லையா? மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று 2022ல் அரசே அறிவித்தது. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் பறித்த பாராமகால் இதுதான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் பூமி இது.

1970களில் சிப்காட் வந்தது. லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. வேலை கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் ஆலைக்கு நிலம் கொடுத்த விவசாயியின் ஓட்டு வீடு எங்கே? முதன்முதலாகப் பிழைக்க வந்த தொழிலாளி தங்கிய ஒற்றை அறை எங்கே? அடுக்குமாடிகளுக்காக அவை ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் ஒரு அறைக்குள் ஒரு தெரு அடங்காது. தொழிற்பேட்டைகளுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒதுக்கும் அரசு, இந்த வீடுகளுக்குச் சில ஏக்கர் ஒதுக்கக் கூடாதா? சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநகராட்சியிடமும் கேளுங்கள். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். பழைய வீட்டை இடிக்குமுன் படம் எடுங்கள், பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள், பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.

நாளை ஒருவன் வந்து, 'நீ எந்த ஊர்?' என்று நம் பேரனைக் கேட்டால், காட்டுவதற்கு ஒரு கதவாவது மிஞ்ச வேண்டாமா?