இரண்டாம் சுற்றும் ஈசிச்சேரும்

என் பெரியப்பா மகன் பிரெஞ்சுக் குடிமகன். நான் இந்தியக் குடிமகன். ஒரே கூடத்தில் வளர்ந்தவர்கள்தான். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

2022 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று. மாக்ரோனா, மரீன் லெப்பென்னா என்று அங்கே நாடே பதறிக்கொண்டிருக்கிறது. அண்ணனோ ஈசிச்சேரில் சாய்ந்திருக்கிறார்.

“ஓட்டுப் போடப் போகலியாண்ணே?”

“நமக்குப் பிடிச்ச ஆள் முதல் சுத்துலயே போயாச்சு. இந்த ரெண்டு பேரும் வேணாம். வெயில்ல போய் யாருக்காக நிக்கறது?”

அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நம் ஊரில் நூற்றுக்கு முப்பத்தைந்து ஓட்டு வாங்கியவர்கூட ஜெயித்துவிடலாம். பிரான்சில் அது நடக்காது. பதிவான செல்லுபடியாகும் ஓட்டுகளில் பாதிக்கு மேல் வேண்டும். யாருக்கும் கிடைக்காவிட்டால், முதலிரண்டு பேரை மட்டும் வைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி தேர்தல். ‘முதல் சுற்றில் தேர்ந்தெடு, இரண்டாம் சுற்றில் விலக்கு’ என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்வார்கள். அங்கே மனசுக்குப் பிடித்தவரைத் தேடக் கூடாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

2002-ஐ மறந்துவிட்டாரா அண்ணன்? அன்று களத்தில் 16 வேட்பாளர்கள். பிரதமர் ழோஸ்பன் எப்படியும் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிடுவார் என்று இடதுசாரிகள் பலர் சின்னச் சின்னக் கட்சிகளுக்குப் போட்டார்கள். நூற்றுக்கு 28 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் ழோஸ்பனைத் தள்ளிவிட்டு மரீனின் அப்பா ழான்-மரி லெப்பென் உள்ளே வந்தார். பிறகு என்ன ஆனது? காலமெல்லாம் சிராக்கைத் திட்டியவர்களே வரிசையில் நின்று சிராக்குக்குப் போட்டார்கள். அவருக்கு 82 சதவீதம்! அவர்களுக்குச் சிராக் மேல் திடீர்ப் பாசமா வந்தது? இல்லை. யார் வரக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தார்கள்.

“போகாமல் இருப்பதும் ஒரு எதிர்ப்புதானே” என்பார்கள் சிலர். அதை யார் எண்ணுகிறார்கள்? வெற்றுச் சீட்டைக்கூட 2014 சட்டத்துக்குப் பிறகு தனியாக எண்ணுகிறார்களே தவிர, சதவீதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டிலிருப்பவரின் கோபம் வீட்டோடு சரி.

முப்பது வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோப்பை மேசையில் போட்டுவிட்டு “நான் எதுவும் செய்யவில்லையே” என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், எதுவும் செய்யவில்லை. அதனால்தான் ஒரு விதவைக்கு ஓய்வூதியம் இரண்டு வருடம் வரவில்லை.

அண்ணனுக்குப் பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். குடியேறி வந்தவர்களை அந்த நாடு எப்படி நடத்தும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் முடிவானது. அதில் வாய் திறக்கும் உரிமை அவருக்கு இருந்தது. பெரியப்பா போட்ட ஒரு கையெழுத்தால் கிடைத்தது. எனக்கு இல்லை.

2027-இல் மறுபடி வருகிறது. அண்ணே, படிக்கிறீங்கதானே? ஆட்டோ நான் கொண்டுவருகிறேன். குடையும் என்னுடையதே.