கடலுக்குப் பதிலாய் ஒரு கண்ணாடி

"நூல் வேறு, திரைப்படம் வேறு, இரண்டையும் ஒப்பிடுதல் தகாது." கடினமான அறிவியல் புனைகதை ஒன்று படமாகும்போதெல்லாம் இவ்வாசகம் நம் செவியில் விழுகிறது. விமர்சகர் சொல்கின்றனர், இயக்குநர் சொல்கின்றனர், நாமும் பல்லாண்டுகள் சொல்லி வந்தோம். இது பாதி உண்மை, ஆதலால்தான் ஆபத்தானது. ஊடகம் மாறினால் வடிவம் மாறும் என்பதை யார் மறுப்பார்? நாம் கேட்பது வேறு. ஒரு நாவல் எழுப்பிய கேள்வியை அகற்றி, அதன் இடத்தில் ஓர் ஆறுதலை அமர்த்தி, பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது?

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட 'சொலாரிஸ்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். இரு கதிரவன்களைச் சுற்றும் ஒரு கோள், அதன் மேற்பரப்பு முழுவதையும் மூடிய ஒரு கடல், அக்கடல் உயிருள்ளது. அதை அறிந்துகொள்ள மனிதர் தலைமுறை தலைமுறையாக முயல்கின்றனர். அதற்கெனத் தனி அறிவியல் துறையே எழுகிறது, நூலகங்கள் நிறைகின்றன, கோட்பாடுகள் ஒன்றையொன்று வீழ்த்துகின்றன. கடலோ விடை தருவதில்லை. அது கணிதத்தையும் கட்டடக்கலையையும் நினைவூட்டும் மாபெரும் உருவங்களைப் படைக்கிறது. பின் தானே கரைத்துவிடுகிறது. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை. அங்குள்ள ஆய்வு நிலையத்திற்கு வரும் கெல்வின் என்ற உளவியலாளர், பத்தாண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட தம் மனைவி ஹாரேயை எதிரே காண்கிறார். கடல் அவர் நினைவிலிருந்து அவளை உருவாக்கி அனுப்பியிருக்கிறது. அது பரிசா, தண்டனையா, ஆய்வா, வெறும் எதிரொலியா? இறுதிப் பக்கம் வரை லெம் சொல்வதில்லை. சொல்லாமை அவருடைய இயலாமை அன்று, நாவலே அதுதான்.

இந்நாவலை 1972இல் படமாக்கியவர் உருசிய இயக்குநர் அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி. அவ்வாண்டே கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும் பரிசை இப்படம் பெற்றது. இதன் அழகை நாம் மறுக்கவில்லை. நிலையத்தின் நூலகத்தில் தொங்கும் புரூகெலின் பனிக்கால ஓவியமும், பாகின் ஆர்கன் இசையும் கண்டோர் உள்ளத்தை விட்டு அகலாதவை. ஆயினும் நாவலில் இல்லாத ஒரு பூவுலக வீட்டையும், தந்தையையும், குளத்தையும், நீர்ப்பாசியையும் கொண்டே படம் தொடங்குகிறது. விண்ணுக்குச் செல்லவே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகிறது. முடிவிலோ கெல்வின் அதே வீட்டு வாயிலில் தந்தையின் முன் முழந்தாளிடுகிறார். தந்தை அவர் தோள்மீது கைகளை வைக்கிறார். காமிரா மேலெழும்ப, அவ்வீடு கடல் நடுவே தோன்றிய தீவு ஒன்றில் இருப்பதைக் காண்கிறோம். ரெம்பிரான்ட் தீட்டிய ஊதாரி மைந்தனின் ஓவியம் உடனே நினைவுக்கு வருகிறது.

இங்கே நம் தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டும். ஒரு தவக்காலத்தில் நம் பங்கின் இளையோருக்கு இப்படத்தைத் திரையிட்டு, அவ்விறுதிக் காட்சியை வைத்து மனமாற்றம் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினோம். எல்லாரும் உருகினர். ஒருவர் மட்டும் எழுந்து, "எல்லாம் சரிதான் சாமி, அந்தக் கடல் என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். நாம் சிரித்துச் சமாளித்தோம். பின்னர் நாவலைத் தேடிப் படித்தபோதுதான், லெம் எழுப்பிய ஒரே கேள்வியை அவ்விளைஞர் கேட்டிருந்தார் என்பதும், படமும் நம் உரையும் சேர்ந்தே அதை மறைத்திருந்தன என்பதும் விளங்கின.

லெம் இதை முன்பே உணர்ந்திருந்தார். மாஸ்கோவுக்குச் சென்று இயக்குநருடன் வாரக்கணக்கில் வாதாடியும் உடன்பாடு காணாமல் திரும்பினார். தார்க்கோவ்ஸ்கி படமாக்கியது தம் நாவலை அன்று, தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலையே என்ற பொருள்படப் பின்னாளில் கூறினார். இதை எழுத்தாளரின் தன்முனைப்பு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர் கடிந்தது காட்சிகள் விடுபட்டதை அன்று. மனிதனால் அளக்க முடியாத ஒன்றின் முன் மனிதனை நிறுத்திய கதை, மனிதன் தன் மனச்சான்றோடு உரையாடும் கதையாகச் சுருங்கியதையே கடிந்தார். அந்த முடிவில் கடல் யார்? கெல்வினின் ஏக்கத்தை அறிந்து வீடு கட்டித் தரும் பணியாள். அறிய முடியாதது, நமக்கு வேண்டியதை வழங்கும் ஒன்றாகிவிட்டது.

2002இல் அமெரிக்க இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் அதே பெயரில் மீண்டும் ஒரு படம் எடுத்தார். தார்க்கோவ்ஸ்கிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் தேவைப்பட்டது. இவருக்கு 99 நிமிடங்களே போதுமாயின. இப்போது கடல் சாளரத்திற்கு அப்பால் ஒளிரும் அலங்காரம். எஞ்சியது கணவன் மனைவியின் காதல் மட்டுமே. விண்வெளிக் காதலைத் தாம் எழுதியிருந்தால் நூலுக்கு வேறு பெயர் வைத்திருப்போம் என்னும் கருத்தில் லெம் எள்ளலோடு எதிர்வினையாற்றினார். முதல் படம் திறந்துவிட்ட வாயில் வழியாகவே இரண்டாவது நுழைந்தது என்பது நம் துணிபு. மேதை ஒருவர் செய்த பிழை, பின்வருவோருக்கு வழக்கமாகிவிடுகிறது.

"அறிய முடியாததைக் காமிரா எவ்வாறு காட்டும்? திரைக்கு முகம் வேண்டும், கண்ணீர் வேண்டும்" என்பர். இதற்கு விடை தார்க்கோவ்ஸ்கியே தருகிறார். 1979இல் அவர் எடுத்த 'ஸ்டாக்கர்', ஸ்துருகாட்ஸ்கி உடன்பிறப்புகளின் 'சாலையோர உல்லாசப் பயணம்' என்னும் நாவலிலிருந்து பிறந்தது. கதையின் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அதில் இல்லை. ஆயினும் உள்ளத்தின் ஆழ்ந்த விருப்பத்தை நிறைவேற்றும் என்று சொல்லப்படும் அறையின் வாசலில் மூவரை அமர்த்தி, ஒருவரையும் உள்ளே விடாமல் படத்தை நகர்த்துகிறார். வெறும் புல்வெளியும் நீரும் இடிந்த கட்டடமுமே நம்மை நடுங்க வைக்கின்றன. நிகழ்ச்சிகள் போயின, கேள்வி நின்றது. ஆகவே இயலாது என்பது பொய். விரும்பவில்லை என்பதே மெய்.

இதே அளவுகோலை 'டியூன்' மீதும் வைத்துப் பார்க்கலாம். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய அந்நாவல், மீட்பராகக் கொண்டாடப்படும் தலைவனைப் பற்றிய எச்சரிக்கை. பால் என்னும் இளைஞன் பாலைநிலக் கோளின் மக்களுக்கு மீட்பனாகத் தோன்றுகிறான். ஆனால் அவர்கள் காத்திருந்த இறைவாக்கே வெளியார் திட்டமிட்டு விதைத்த ஒன்று. அவன் பெயரால் நிகழவிருக்கும் புனிதப் போரை அவனாலேயே தடுக்க முடியாது. 1984இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படமோ, அவன் வெற்றி பெற்றவுடன் அக்கோளில் மழை பொழியச் செய்து முடிகிறது. அதாவது, மீட்பன் மெய்யாகவே மீட்பன்! நாவலின்படி நீர் அக்கோளின் மாபெரும் மணற்புழுக்களுக்கு நஞ்சு. எச்சரிக்கை விழாவாக மாறியது. பொய் மெசியாக்களைக் குறித்து விழிப்பாயிருக்கக் கற்பிக்கப்பட்ட நமக்கு இது சிறு பிழையாகத் தோன்றவில்லை.

மாறாக, டெனி வில்நெவ் 2024இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில், நாவலில் பாலின் பக்கமே நிற்கும் சானி என்னும் பெண், அவனை வணங்க மறுத்து விலகிச் செல்கிறாள். எழுத்துக்கு மாறுபாடுதான். ஆனால் அம்மாறுபாடே ஹெர்பர்ட்டின் எச்சரிக்கையைத் திரையில் உயிர்ப்பிக்கிறது. எழுத்தை மாற்றி ஆவியைக் காப்பதும் உண்டு. ஆவியை வெளியேற்றிப் பெயரைக் காப்பதும் உண்டு. முன்னதைப் போற்றுகிறோம், பின்னதைக் கண்டிக்கிறோம்.

நம்மவரிடமிருந்து எழும் மறுப்பு ஒன்று உண்டு. "லெம் இறைநம்பிக்கையாளர் அல்லர்; தார்க்கோவ்ஸ்கியோ ஆன்மிகக் கலைஞர். 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் அவருடைய 'அந்திரேய் ருப்லேவ்', 'பலி' ஆகிய இரண்டும் இடம்பெற்றனவே! தந்தையின் முன் முழந்தாளிடும் மகனைக் காட்டியதற்கு ஒரு குரு வருந்தலாமா?" என்கின்றனர். வருந்துகிறோம். குருமடத்தில் நாம் முதலில் கற்ற பாடங்களுள் ஒன்று, கடவுளைப் பற்றி நாம் சொல்லும் எச்சொல்லும் அவரை அடக்கிவிடாது என்பது. அவர் எப்படிப்பட்டவர் அல்லர் என்பதையே மிகுதியாக அறிவோம் என்று அக்குவினா தோமாவே பணிந்தார். மறைபொருளைத் தன் ஏக்கத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்பவன் வணங்குவது தன் நிழலை. மனிதர் வேற்றுலகங்களைத் தேடவில்லை, தம்மைக் காட்டும் கண்ணாடியையே தேடுகின்றனர் என்னும் கருத்தை லெம் தம் பாத்திரம் ஒன்றின் வாயில் வைக்கிறார். இக்கண்டனம் நம் பலிபீடங்களுக்கும் பொருந்தும். நம்பிக்கையற்றவர் எனப்படும் அவர் இங்கே நம்மைவிட ஆழ்ந்த இறையச்சத்தோடு எழுதியிருக்கிறார்.

இது கலை விமர்சகர் சண்டை மட்டும் அன்று. பெரும்பாலோர்க்குப் படமே நூலாகிவிடுகிறது. 'சொலாரிஸ்' 1970இல் ஆங்கிலத்திற்குச் சென்றதே பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். போலிஷ் மூலத்திலிருந்து நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. அந்த நாற்பதாண்டு இடைவெளியில் இரு படங்கள் உலகெங்கும் சென்று, கடலைப் பற்றிய கேள்வியை மனிதரைப் பற்றிய விடையாக்கிவிட்டன. ஆறுதலை எங்கும் பெறலாம். நம் அறிவின் எல்லையைக் காட்டும் நூல்கள் சிலவே.

நாவலின் இறுதியில் கெல்வின் முழந்தாளிடுவதில்லை. கரையில் அமர்ந்து அலையை நோக்கிக் கையை நீட்டுகிறார். அலை தயங்கி, உயர்ந்து, கையைச் சூழ்கிறது, ஆனால் தொடுவதில்லை. இடையே மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எஞ்சுகிறது. அந்தப் படலத்தைக் காப்பாற்றத் துணியும் இயக்குநருக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை, அன்று கேட்ட இளைஞருக்கு நாம் அளிக்கத் தவறிய விடை இதுவே: கடல் என்ன ஆயிற்று என்று நமக்கும் தெரியாது, தம்பி; தெரியாது என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.