கண்ணைப் பார்த்தே அறிவை அளந்துவிடுவார்களாம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இணையத்தில் ஒன்றைத் தேடும்போது கண் திரையில் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படித் தாவுகிறது என்று கணக்கெடுத்தால், அந்த விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று சொல்லிவிடலாமாம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். படித்த வாசகம் என்ன என்று பார்க்காமல், கண்ணசைவை மட்டும் வைத்துக் கணித்தார்கள். ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான். "இவருக்கு இவ்வளவுதான் தெரியும், இந்த எளிய பக்கங்களே போதும்" என்று தேடுபொறி பரிமாறட்டும் என்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை.

வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவும், கால் விநாடி போல நிற்கும், மறுபடி தாவும். இது நூறாண்டுக்கு முந்தைய சங்கதி. 1908-இல் புத்தகம் எழுதிய எட்மண்ட் ஹ்யூயி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிறு மூடி செய்து ஆட்களின் கண்மேலேயே பொருத்தி அளந்தார். (நினைத்தாலே எனக்குக் கண் கூசுகிறது.) இப்போது அகச்சிவப்பு ஒளியும் கேமராவும் அந்த வேலையைச் செய்கின்றன.

ஆனால் கண் எங்கே நிற்கிறது என்றுதான் கருவிக்குத் தெரியும். ஏன் நிற்கிறது என்று அதற்கு யார் சொல்வது? ரஷ்யாவின் யார்பஸ் ஒரே ஆளிடம் ஒரே ஓவியத்தைக் காட்டி, கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டார். "இவர்களுக்கு என்ன வயது?" என்றால் கண் ஒரு வழி போனது. "வசதியான குடும்பமா?" என்றால் வேறு வழி போனது. அறிவு அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

வகுப்பில் நான் பார்த்ததும் இதுதான். கடகடவென்று வாசித்துவிட்டு, "என்னப்பா புரிஞ்சுது?" என்றால் விழிக்கிற பிள்ளை உண்டு. ஒரே வரியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்கிற பிள்ளையும் உண்டு. உங்களில் யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு இடி இருக்கிறது. நெல்லில் குலைநோய் வந்தால் இலையைப் பார்த்ததுமே சொல்கிற பையன், அதைப் பற்றி ஆங்கிலப் பக்கத்தில் வாசிக்கும்போது எழுத்துக்கூட்டித்தான் போவான். கண் திரும்பத் திரும்பப் பின்னால் வரும். கருவி அவனுக்குப் பயிரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொள்ளும். அவன் தடுமாறியது ஆங்கிலத்தில். கழிக்கப்படுவது விவசாயத்தில். அப்புறம் அவனுக்கு வருவதெல்லாம் பாலர் பாடம்தான். கடினமான பக்கம் கண்ணிலேயே படாவிட்டால் அவன் எப்போது முன்னேறுவது?

நானும் உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினேன். சந்தேகம் வந்தால் எழுப்பிக் கேட்டேன். "இல்ல சார், புரிஞ்சுது" என்று நீங்கள் மறுத்துச் சொல்லவும் முடிந்தது. இந்தக் கருவியிடம் அப்படி மறுக்க வழியுண்டா? மதிப்பெண் போட்டதே நமக்குத் தெரியாதே!

மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, ஒன்று கேட்கிறேன். "இதில் உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்று தேடுகிறவரிடமே ஒரு வரி கேட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? இல்லை, அந்தக் கருவிதான் வேண்டும் என்றால், அது போட்ட மதிப்பெண்ணை எங்களுக்கும் காட்டுங்கள், திருத்துவதற்கு ஒரு பொத்தானும் வையுங்கள்.