நாவு வரையும் சித்திரங்கள்



ஒரு பச்சை மாங்காயை நினைத்துப் பாருங்கள். இப்போதுதான் மரத்திலிருந்து பறித்தது. காம்பில் பால் இன்னும் காயவில்லை. அதைத் தோலோடு கீறி, உப்பும் கொச்சிக்காய்த்தூளும் தூவி, ஒரு துண்டை வாயருகே கொண்டுபோகிறீர்கள்.

உங்களில் பலருக்கு இந்நேரம் வாயூறியிருக்கும். கையில் மாங்காய் இல்லை. ஒரு சஞ்சிகை மட்டுமே இருக்கிறது. தாளில் பதிந்த சில எழுத்துக்கள் உள்ளத்தில் ஒரு காட்சியாயின. அந்தக் காட்சியை நம்பி உடல் உமிழ்நீரைச் சுரந்துவிட்டது. "மாங்காய் புளிப்பானது" என்று மட்டும் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. சொல் காட்சியாக மாறும்போது அதற்கு வந்து சேரும் சக்தி இதுதான்.

இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர்களில் தலையாயவர் இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி அவர்கள். இன்றைய ஈரானில், காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே உள்ள ஜுர்ஜான் நகரில் வாழ்ந்து, ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1078) மறைந்தவர். "அஸ்ராருல் பலாகா", அதாவது சொல்வன்மையின் இரகசியங்கள், என்ற அவரது நூல் அறபு இலக்கியக் கலைக்கு அடித்தளமான நூல்களில் ஒன்று. அதில் அவர் ஓர் எளிய உதாரணம் தருகிறார். உன் முயற்சியால் உனக்கு எதுவும் கிடைக்காது என்று ஒருவனிடம் சொல்ல வேண்டும். வெறுமனே சொல்லலாம், அவன் கேட்டுவிட்டுப் போய்விடுவான். ஆனால், இருவரும் ஆற்றங்கரையில் நிற்கும்போது, தண்ணீரில் கையை விட்டு எடுத்து, "பார், என் கையில் ஏதாவது தங்கியதா? உன் காரியமும் இப்படித்தான்" என்று காட்டினால், அது அவன் மனதை விட்டு அகலாது.

காரணம் என்ன? மனிதன் பிறந்ததும் முதலில் அறிவது கண்ணாலும் காதாலும் தோலாலும்தான். சிந்தித்து அறிவது பிறகுதான் வருகிறது. எனவே உவமை, புதிதாக வந்த ஓர் எண்ணத்தை உள்ளத்தின் பழைய நண்பனிடம் அழைத்துச் சென்று அறிமுகம் செய்கிறது என்பது இமாமவர்களின் விளக்கம்.

அல்குர்ஆன் ஓதும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. புறம் பேசுவது பாவம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், இறந்துபோன சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு அதை ஒப்பிடும் ஸூறா ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தைப் பொருள் அறிந்து ஓதியவளுக்கு, அடுத்த முறை வேலியோரம் நின்று பேசும்போது நாவு சற்றுக் கூசும். சத்தியம் செய்துவிட்டு அதை முறிப்பவர்களைப் பற்றி ஸூறா நஹ்லில் ஓர் உவமை வருகிறது: பாடுபட்டு உறுதியாக நூல் நூற்றுவிட்டு, பின்னர் தன் கையாலேயே அதைப் பிரித்துப் போடும் ஒரு பெண். தையல் வேலை தெரிந்த எவளும் அந்தக் காட்சியைக் கண்டு "ஐயோ!" என்பாள். அந்த "ஐயோ"வை ஆயிரம் நியாயங்களாலும் வரவழைக்க முடியாது.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். உவமை கவிஞர்களின் சொத்து மட்டுமல்ல. குசினியிலும் வாசற்படியிலும் கல்யாணப் பேச்சிலும் நாம் ஓயாமல் உவமை பேசுகிறோம். பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்." உதவி கேட்டு வருபவர்கள் சொல்வார்கள்: "மூன்று குமர்களைக் கரை சேர்க்க வேண்டும்."

இவை எத்தகைய உவமைகள்? அறபுக் கல்லூரியில் பலாகா பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைக் கற்பிப்போம். "என் மகள் நெருப்பைப் போன்றவள்" என்றால் அது தஷ்பீஹ், அதாவது உவமை. மகளும் அதில் இருக்கிறாள், நெருப்பும் இருக்கிறது. ஒப்பிடப்படும் பொருளையே மறைத்துவிட்டு மற்றதை மட்டும் கூறினால் அது இஸ்திஆரா. தமிழில் ஆகுபெயரும் உருவகமும் அதற்கு அண்மையில் நிற்கும். இப்போது அந்தத் தாயின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். அதில் மகள் எங்கே? நெருப்பு மட்டும்தானே இருக்கிறது!

தாய் சொல்ல நினைத்தது தன் கவலையை. அது உண்மையான கவலைதான். சீதனமும் கைக்கூலியும் கேட்கும் சமூகத்தில் அந்தக் கவலையை நாம் குறை கூற முடியாது. ஆனால், உவமை பேசுபவர் நினைத்த ஒரே ஒற்றுமையோடு நின்றுவிடுவதில்லை. நெருப்பு சுடும், அணைக்கப்பட வேண்டும், கைமாற்றிவிட வேண்டும். அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பதினாறு வயது மகளின் காதில் இவை அத்தனையும் விழுகின்றன. "கரை சேர்த்தல்" என்பதும் அப்படியே. பிறந்த வீடு கடலா? மூழ்காமல் இருக்க, எந்தக் கரையானாலும் போதுமா? மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்காமல் அவசரப்பட்டுச் சம்மதிக்கும் பெற்றோருக்குப் பின்னால் இந்தச் சித்திரமும் நின்று தள்ளுகிறது.

இது மிகை என்று நினைக்க வேண்டாம். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் போல் திபோடோ, லேரா பொரொடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒரு கற்பனை நகரத்தில் குற்றங்கள் பெருகியதைப் பற்றிய சிறு செய்தியைச் சிலரிடம் கொடுத்தார்கள். ஒரு சாராருக்குக் குற்றம் ஒரு கொடிய விலங்கு என்றும், மற்றோருக்கு அது ஒரு தொற்றுநோய்க் கிருமி என்றும் எழுதியிருந்தது. புள்ளிவிபரங்கள் இரண்டிலும் ஒன்றே. விலங்கு என்று படித்தவர்கள் பிடித்து அடைப்பதையும் தண்டிப்பதையும் அதிகம் பரிந்துரைத்தார்கள். கிருமி என்று படித்தவர்கள் மத்தியில் காரணத்தைக் கண்டறிந்து சீர்திருத்த வேண்டும் என்ற கருத்து கூடுதலாக இருந்தது. ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் புள்ளிவிபரங்களையே காட்டினார்கள். உவமை தங்களை அசைத்தது அவர்களுக்கே தெரியவில்லை! இந்தத் தாக்கம் எவ்வளவு பெரியது என்பதில் பின்வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரு சொல் தனக்குரிய செயலையும் கூடவே அழைத்து வரக்கூடும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

இப்போது வேறோர் உவமையைப் பாருங்கள். ஒரு பயணத்தில் பெண்கள் ஒட்டகங்களில் அமர்ந்திருக்க, அன்ஜஷா என்பவர் பாட்டுப் பாடி ஒட்டகங்களை விரைவாக ஓட்டினார். நபி (ஸல்) அவர்கள், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டுசெல்வது போல மெதுவாக ஓட்டுமாறு அவரிடம் கூறினார்கள். இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. இதுவும் இஸ்திஆராதான், இங்கும் பெண் என்ற சொல் மறைந்து கண்ணாடி மட்டுமே நிற்கிறது.

"கண்ணாடி என்றால் பலவீனம்தானே?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். கவனியுங்கள்: அந்த வார்த்தை பெண்களைப் பார்த்துச் சொல்லப்படவில்லை, ஓட்டுபவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நீங்கள் உடைந்துவிடாதீர்கள் என்று யாரும் அவர்களிடம் கூறவில்லை. நீ பக்குவமாக நட என்று அவரிடம் கூறப்பட்டது. நெருப்பு என்ற உவமை பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைக்கிறது. கண்ணாடி என்ற உவமை பொறுப்பை அதைக் கையாள்பவரின் கையில் வைக்கிறது. அதே பெண்தான், ஆனால் ஒரு சொல் அவளைத் தள்ளிவிடச் சொல்கிறது, மற்றது அவளைப் பேணச் சொல்கிறது.

ஆகவே சகோதரிகளே, இந்த மாதம் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பற்றிப் பேசப்படும் உவமைகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். மந்தமாகப் படிக்கும் மகனுக்கு "தலைக்குள் களிமண்", முன்கோபமுள்ள பிள்ளைக்கு "பாம்பு", திருமணமாகாத மகளுக்கு "பாரம்". ஒவ்வொன்றையும் கேட்கும்போது இரண்டு கேள்விகள் போதும்: இந்தச் சொல் பிள்ளையின் உள்ளத்தில் எந்தச் சித்திரத்தை வரைகிறது? அந்தச் சித்திரம் பெரியவர்களாகிய எங்களை என்ன செய்யத் தூண்டுகிறது? விடை பிடிக்காவிட்டால் வெறும் சொல்லாகவே சொல்லுங்கள். "மகளுக்கு நல்ல இடமாகப் பார்க்கிறோம்" என்பதில் நெருப்பும் இல்லை, கடலும் இல்லை, மகள் இருக்கிறாள்.

நல்ல வார்த்தைக்கே அல்குர்ஆன் ஓர் உவமை சொல்கிறது. ஸூறா இப்ராஹீமில் அது ஒரு நல்ல மரமாகக் காட்டப்படுகிறது. வேர் ஆழத்தில் உறுதியாகவும் கிளை வானத்திலும் இருக்க, தன் இறைவனின் அனுமதியோடு காலந்தோறும் கனி தருகிறது. மரத்தை நடுபவர் அதன் எல்லாக் கனிகளையும் உண்பதில்லை. இன்று ஒரு தாய் சொல்லும் வார்த்தையின் நிழலில், நாளை அவள் காணாத பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைச் சீராக்கி வைப்பானாக!