தீனியில் கலக்கும் நல்ல கிருமிகள்

"லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு 200 பிராய்லர் குஞ்சு வளர்க்கிறோம். தீனி ஏஜெண்டு புரோபயாட்டிக் என்று ஒரு தூளைக் காட்டி, இதைக் கலந்தால் கோழிக்கு நோயே வராது என்கிறார். வாங்கலாமா?" என்று ஜொகூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அம்மா, ஏஜெண்டு சொல்வது முழுப் பொய்யல்ல. 'நோயே வராது' என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

நம் பாட்டிமார் அடைவைத்துப் பொரித்த குஞ்சு, தாய்க்கோழி கொத்திய இடத்தில் கொத்தி, அதன் எச்சத்தை மிதித்து, தாயின் குடலிலிருந்த கிருமிகளைத் தானும் பெற்றுக்கொண்டது. பொறியில் பொரித்த குஞ்சுக்கு அந்தச் சீதனம் கிடையாது. ஏறக்குறைய வெறுங்குடலோடு பெட்டியில் வந்து இறங்குகிறது. முதலில் நுழையும் கிருமி எதுவோ, இடம் அதற்குத்தான். 1971இல் பின்லாந்துப் பண்ணைகளில் சால்மோனெல்லா பரவியபோது, எஸ்கோ நூர்மி என்பவர் வளர்ந்த கோழியின் குடற்பொருளை இளங்குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தார். அந்தக் குஞ்சுகளைச் சால்மோனெல்லா எளிதில் பிடிக்கவில்லை. 1973இல் இதை அவர் வெளியிட்டார். கேட்க அருவருப்பாக இருந்தாலும், உங்கள் ஏஜெண்டின் தூளுக்கு மூதாதை இதுவே.

புரோபயாட்டிக் என்பது உயிருள்ள நல்ல கிருமி. பிரீபயாட்டிக் உயிரற்றது, அந்த நல்ல கிருமிக்குத் தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டின் மேல்தோலிலிருந்து எடுக்கும் ஒருவகைச் சர்க்கரை இன்னொரு வேலையும் செய்கிறது. கெட்ட கிருமிகள் சில, குடல்சுவர் என்று நினைத்து அதைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1990களில் செர்டாங் பல்கலைக்கழகத்தார், கோழிக்குடலிலிருந்தே எடுத்த 12 வகை லாக்டோபசில்லஸ் கிருமிகளைத் தீனியில் கலந்து கொடுத்து, எடை கூடியதைக் கண்டனர். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கிலிருந்து எடுத்த சர்க்கரையையும் பிரீபயாட்டிக்காகப் பரிசோதித்தனர். நாம் குலை வெட்டும் மரத்திலேயே இருக்கிறது சரக்கு! அதற்காகப் பிண்ணாக்கை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். நார் மிகுந்தது, குஞ்சுக்குச் செரிக்காது.

முன்பெல்லாம் கோழி கொழுக்க ஆண்டிபயாட்டிக்கைச் சிறிது சிறிதாகத் தீனியில் கலப்பார்கள். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. அவை கோழியோடு நிற்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு நோய் வரும்போது டாக்டர் கொடுக்கும் மருந்தும் பலிக்காமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அவ்வழக்கத்தைத் தடுத்தது. மலேசியா 2019 முதல் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீனியில் தடைசெய்தது. புரோபயாட்டிக்குக்கு இன்று இவ்வளவு கிராக்கி ஏற்பட்டதற்கு இதுவும் காரணம்.

வாங்குவதானால் குஞ்சு வந்த முதல் நாளிலிருந்தே கொடுங்கள். நான்காவது வாரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் காசு வீண். குழாய்த் தண்ணீரில் கலப்பவர்கள் கவனிக்க: அதிலுள்ள குளோரின் இந்தக் கிருமிகளைக் கொன்றுவிடும். முதல் நாள் இரவே பிடித்துத் திறந்துவைத்த தண்ணீர் நல்லது. ஆண்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களிலும் பெரும்பாலான நல்ல கிருமிகள் பிழைக்கா. பாக்கெட்டை வெயில்படும் தகரக்கூரைக்கடியில் வைக்காதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மோர் கொடுத்தால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். கொஞ்சம் கொடுத்தால் கெடுதலில்லை. அதிகமானால் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாமல் கோழி கழியும். மரத்தூள் ஈரமாகி நாறினால் எந்தத் தூளும் காப்பாற்றாது. நியூகாசில் நோய்க்குத் தடுப்பூசிதான் வழி. அதற்குக் கால்நடை இலாகாவைக் கேளுங்கள்.

செலவைப் பாருங்கள். ஒரு கோழி 2 கிலோ எடைக்கு வர ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தீனி தின்னும். 200 கோழிக்கு 700 கிலோ. நூறு கிலோவுக்கு 100 கிராம் தூள் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், மொத்தம் 700 கிராம் தூள் வேண்டும். இதன் விலையை ஏஜெண்டிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கொட்டகையை நடுவில் தடுத்து, 100 குஞ்சுக்கு மட்டும் கொடுங்கள். 21ஆம் நாளும் 35ஆம் நாளும் இரு பக்கமும் கைக்கு வந்த பத்துப் பத்துக் கோழியை நிறுத்து, செத்ததையும் தின்ற தீனியையும் நோட்டில் எழுதுங்கள். துப்புரவான கொட்டகையில் வித்தியாசம் தெரியாமலே போகலாம். அப்படியானால் அடுத்த தடவை அந்தக் காசைப் புது மரத்தூளுக்குக் கொடுங்கள்.