மைக்கை அவளிடம் கொடுங்கள்

கடந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் பக்கத்துக் காலனி ஒன்றில் அம்பேத்கர் பிறந்தநாள் விழா நடந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, நோட்டில் எழுதிய பாட்டோடு மேடையோரம் காத்திருந்தாள். பள்ளிக்குப் போகும் பேருந்தில் "நீ எந்தத் தெரு?" என்று அவளிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைப் பற்றி அவளே எழுதிய ராப் அது. மணி பத்தைத் தாண்டியதும் "நேரமில்லை பாப்பா" என்று விழாக் குழுவினர் அனுப்பிவிட்டார்கள். விசாரித்தபோது ஒரு பெரியவர் உண்மையைச் சொன்னார்: "பொட்டப்புள்ள மைக்கப் புடிச்சுக் கத்துனா நல்லாவா இருக்கும் தம்பி?"

அந்த மேடையில் நானும் இருந்தேன். பெண் விடுதலை பற்றியும் சேர்த்து முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் கேட்டதோ மூன்று நிமிடம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் பெண்கள் பாடாதவர்களா? நடவு வயலில் பாடினார்கள், தொட்டிலோரம் பாடினார்கள். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் மாரடித்து ஒப்பாரி வைக்கச் சேரிப் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்தவர் வீட்டுப் பிணத்துக்கு அழும்போது தன் துக்கத்தையும் அதற்குள் ஒளித்துவைத்துப் பாடினாள் நம் பாட்டி. பாட்டு அவளுடையதாக இருந்தாலும், பாடச் சொல்லும் அதிகாரம் அவளிடம் இல்லை.

ராப் என்பது தாளத்தோடு சேர்த்துப் படபடவென்று பேசுவது. தாளமும் இல்லாமல் மேடையில் நின்று கவிதையாகப் பேசினால் அது ஸ்போக்கன் வேர்ட். இரண்டுக்கும் குயில் குரல் தேவையில்லை, குருவும் சபாவும் தேவையில்லை. நான் யார், எனக்கு என்ன நடந்தது என்று நேராகச் சொல்லலாம். ஒளித்துவைத்துப் பாட வேண்டியதில்லை.

ராப் ஆம்பளைகள் சமாச்சாரம் என்பவர்களுக்கு ஒரு சேதி. இந்தக் கலை எங்கே தொடங்கியது என்று கேட்டால், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில் நடந்த விருந்தைத்தான் காட்டுவார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்ப்பெல் என்ற கறுப்பினச் சிறுமி. பள்ளி திறப்புக்குப் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க நடத்தினார். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன். அண்ணனின் பெயர் வரலாறானது. தங்கையின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பஞ்சாபின் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹியைக் கல்லூரித் தோழி ஒருத்தி சாதி கேட்டாள். எஸ்.சி. என்ற பிறகும் விடாமல், அதில் எது என்று துருவினாள். சமார் என்றதும், அவர்கள் ஆபத்தானவர்களாயிற்றே என்றாளாம். கின்னி அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. 2016-இல் 'டேஞ்சர் சமார்' என்ற பாட்டே வந்துவிட்டது. அது சாதிப் பெருமை பேசும் பாட்டல்ல, வசவை எதிரியின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்ட பாட்டு. நம் பிள்ளை பேருந்தில் எதிர்கொள்ளும் கேள்விக்கும் கின்னி எதிர்கொண்ட கேள்விக்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊருக்கு வருவோம். வடசென்னையின் கானா, சாவு வீட்டில் விடிய விடிய ஆண்கள் பாடிய பாட்டு. அதற்குள் துணிந்து நுழைந்தவர் இசைவாணி. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் ஒருவர்தான் பெண். 2020-இல் பிபிசியின் உலகின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார். ஆனால், கோயில் நுழைவு உரிமை கேட்டு அவர் பாடிய பழைய பாட்டு ஒன்றை 2024-இல் தோண்டியெடுத்து, ஆபாச வசவையும் மிரட்டலையும் அவர்மீது கொட்டினார்கள். பாட்டுக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் பாடியவளின் உடலைப் பற்றிப் பேசினார்கள். மைக் பிடிக்கும் பெண் கொடுக்கும் விலை இது. அப்போது அவளோடு நிற்பதும் நம் வேலைதான்.

பாட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் தொழிலாளர்களைப் பாதித்ததாக ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் அதைப் பற்றி ஒரு ராப் பாடினார். லட்சக்கணக்கானோர் பார்த்தனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. வென்றது தொழிலாளர்களின் நெடிய போராட்டம்தான், பாட்டு மட்டுமல்ல. ஆனால் மலையில் கேட்ட குரலை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனதில் அந்தப் பாட்டுக்குப் பங்குண்டு.

விழாக் குழுத் தோழர்களுக்கு: அழைப்பிதழ் அடிக்கும்போதே பெண் பிள்ளைகளின் பாட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். கடைசியில் அல்ல, கூட்டம் நிறைந்திருக்கும் எட்டு மணிக்கு. என் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு: பள்ளிக் கலைத் திருவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடவைப்பதோடு நில்லாமல், பிள்ளைகள் சொந்தமாய் எழுதியதையும் மேடையேற்றுங்கள்.

மாணவிகளே, நோட்டில் எழுதியதைக் கிழித்துவிடாதீர்கள். பாட்டி பாடிய ஒப்பாரியைக் கேட்டு எழுதிவையுங்கள். அந்தத் தாளத்தில் உங்கள் கதையைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், இன்னும் ரெண்டு வரி சேத்திருக்கேன்" என்றாள். அடுத்த ஏப்ரலில் அந்த மேடைக்கு என்னைக் கூப்பிட்டால் ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன்: முதலில் அவள், பிறகுதான் நான்.